ஹேமொக்குக்கு மேலே எந்தத் தறப்பாள்: 8க்கு 10ஆ, 10க்கு 10ஆ, 10க்கு 12ஆ?

இலங்கை மலைநாட்டில் ஹேமொக் (இரு மரங்களுக்கு இடையே கட்டும் தொங்கு படுக்கை) கட்டிப் படுக்கப் போகிறவர்கள் தறப்பாள் வாங்கும்போது நீளத்தைத்தான் பார்க்கிறார்கள். இங்கே ஆளை நனைப்பது பெரும்பாலும் அகலக் குறைவுதான். மழை நேராக விழுந்தால் எந்தத் துண்டும் போதும், ஆனால் ரிவஸ்டன் பக்கமோ அப்புத்தளை முகட்டிலோ மழை நேராக விழும் என்று யார் நம்புவார்கள்?

சரி, நீளக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். 11 அடி ஹேமொக்கை 30 பாகை சரிவில் தொங்கவிட்டால் அதன் இரு முனைகளுக்கும் இடைப்பட்ட தூரம் துணி நீளத்தில் சுமார் 83 சதவீதம், அதாவது 9 அடி 1 அங்குலம் வரும். இரு பக்கமும் கிட்டத்தட்ட அரை அடியாவது தறப்பாள் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே முகட்டுக் கயிற்றின், அதாவது தறப்பாளைத் தாங்க மரத்துக்கு மரம் கட்டும் கயிற்றின் வழியாக 10 அடிக்குக் குறைந்ததைப் பார்க்கவே வேண்டாம்.

8க்கு 10 இந்தக் கணக்கில் மட்டுமட்டாகத் தேறும். பாரம் குறைவு, பைக்குள் இடம் பிடிக்காது. ஆனால் பக்கத்துக்கு 4 அடிதான் துணி, 45 பாகை சரிவில் இழுத்துக் கட்டினால் பக்கவாட்டில் 3 அடிகூட மூடாது. ஜனவரி, பெப்ரவரியில் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் வானம் வெளுத்திருக்கும்போது இதை எடுத்துப் போகலாம். அதே மாதங்களில் பதுளை, பண்டாரவளைப் பக்கம் வடகீழ்ப் பருவமழை இன்னும் மிச்சமிருக்கும், அங்கே வேண்டாம்.

10க்கு 10 சதுரத்தை மூலைவிட்டமாகக் கட்டுகிறவர்கள் நிறையப் பேர். முகடு 14 அடிக்கு மேல் போய்விடுவதால் பார்வைக்குப் பெரிதாகத் தெரியும், முளையும் இரண்டே போதும். சிக்கல் ஓரங்களில் இருக்கிறது. நடுவில் பக்கத்துக்கு 7 அடி துணி இருந்தாலும் ஹேமொக்கின் முனைகளுக்கு மேலே அது இரண்டரை அடியாகச் சுருங்கிவிடும். ஹேமொக்கில் நாம் நேராகப் படுப்பதுமில்லை, முதுகு வளையாமல் இருக்கக் கோணலாகப் படுப்போம், அதனால் தலை ஒரு பக்கமும் கால் எதிர்ப்பக்கமும் தள்ளி வரும், துணி குறைகிற இடமும் அதுவே. சாரல் அடித்தால் தூக்கப் பை கால்மாட்டில் ஊறிவிடும். நுவரெலியாக் குளிரில் ஈரக் காலோடு விடியும்வரை கிடப்பது லேசான விஷயமில்லை. காற்றில்லாத காட்டுக்குள், மரங்கள் அடர்ந்த ஓடைக்கரையில் இது நல்ல தெரிவுதான், அட்டைக்கு உப்போ சவர்க்காரமோ எடுத்துப் போங்கள்.

என் வோட்டு 10க்கு 12க்கு. முகடு 12 அடி, பக்கத்துக்கு 5 அடி. முனைக்கு ஒன்றரை அடி அளவு மிச்சம் இருப்பதால் இரு மூலைகளையும் உள்ளே இழுத்து முளையடித்துக் கதவு மாதிரி ஓரளவு மூடலாம், காற்று திசை மாறினாலும் கவலை குறைவு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று அடிக்கும் கித்துல்கல, ஹட்டன் பக்கங்களுக்கும், மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடியோடு கொட்டுகிற மழைக்கும் இதைவிடச் சின்னதை நான் எடுக்க மாட்டேன். குறையும் உண்டு: பெரிய துணி காற்றைப் பிடிக்கும், அதனால் தாழக் கட்ட வேண்டும், முளை ஆறாவது வேண்டும், மரங்களுக்கு இடையே 14, 15 அடி இருக்க வேண்டும். பைன் தோட்டத்தில் மரங்கள் நெருக்கம், குறுக்காகப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். தேயிலைத் தோட்டத்து நிழல் மரத்தில் கட்டுவதானால் முதலில் துரையிடம் கேட்டுவிடுங்கள். ஹோட்டன் சமவெளியில் அனுமதி எடுத்து, ஒதுக்கிய இடத்தில்தான் தங்கலாம்.

அறுகோணமாக வெட்டிய 12 அடித் தறப்பாளும் உண்டு. மூலைத் துணி இல்லாததால் பாரம் இறங்கும், கதவும் போய்விடும். நடை அதிகமான பயணத்துக்கு மட்டும் சரி.

துணியைப் பற்றி ஒரு வார்த்தை. ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் நீலத் தறப்பாள் 10க்கு 12 அளவில் 11 சதுர மீட்டர், சதுர மீட்டருக்கு 100 கிராம் என்றாலும் ஒரு கிலோவைத் தாண்டும். முதுகில் சுமக்காமல் வாகனத்தில் போகிறவருக்கு அதுவே போதும், வீண் செலவு எதற்கு? சிலிக்கன் பூசிய பொலியெஸ்டர் அதில் பாதிப் பாரம்தான். நைலோன் ஈரத்தில் நீளும், பனிமூட்டத்திலேயே தொய்ந்துவிடும், நடுச்சாமத்தில் எழுந்து கயிற்றை இறுக்க வேண்டி வரும்.

எந்த அளவு வாங்கினாலும் ஹேமொக் தொங்கும் கயிற்றில், தறப்பாள் ஓரத்துக்கு உட்பக்கமாக, ஒரு நூல் துண்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். மரத்திலிருந்து கயிறு வழியாக வரும் தண்ணீர் அதில் இறங்கிச் சொட்டிவிடும், இல்லாவிட்டால் 10க்கு 12 கட்டியும் முதுகு நனையும்.