‘ஃபுல் ட்யூப்’ என்று விற்றார்கள், திறந்தால் ஒரே ஒரு வால்வு

புதுச்சேரியில் செகண்ட் ஹேண்ட் கிட்டார் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். போன மாதம் நான் 28,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன்.

நான் இருப்பது கடலூர் மஞ்சக்குப்பத்தில். ட்யூப் என்றால் பழைய ரேடியோவில் இருக்குமே, அந்த வால்வுதான்; ஹெட் என்றால் ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பெட்டி. 15 வாட் ட்யூப் ஹெட்டே எனக்கு அதிகம், மொட்டை மாடியில் முழுசாகத் திறந்தால் தெருக்கோடி வரை கேட்கும். நண்பனிடம் ஆரஞ்ச் கம்பெனியின் டைனி டெரர் ஹெட் இருக்கிறது. 2006-இல் வந்த சின்ன வெள்ளைப் பெட்டி. வால்யூம், டோன், கெயின் (சத்தம் எவ்வளவு கரகரக்க வேண்டும் என்பதற்கு) என்று மூன்றே குமிழ். உள்ளே, சிக்னலை முதலில் பெருக்கும் ப்ரீஆம்புக்கு இரண்டு 12ஏஎக்ஸ்7 ட்யூப், ஸ்பீக்கரை ஓட்டும் பவர் பகுதிக்கு இரண்டு இஎல்84 ட்யூப். கெயினைப் பாதியில் விட்டு வால்யூமை ஏற்றினால் பவர் ட்யூப்களின் சத்தமும் கரகரக்கத் தொடங்கும், அதுதான் டிஸ்டார்ஷன். ஓங்கி அடித்தால் சத்தம் ஒரு கணம் அமுங்கிப் பிறகு பொங்கி வரும். கிட்டாரில் வால்யூமைக் குறைத்தால் அதே ஆம்ப் சுத்தமாகப் பேசும். அந்த டிஸ்டார்ஷனுக்கு ஆசைப்பட்டுத்தான் புதுச்சேரிக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர், “ஃபுல் ட்யூப் சார், 20 வாட், டைனி டெரரை விட கெயின் ஜாஸ்தி” என்றார். கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) மாட்டாமலேயே ஆன் செய்து, வலைக்குப் பின்னால் ஆரஞ்சு வெளிச்சத்தைக் காட்டினார். அப்புறம் கேபினெட்டை மாட்டி, நடுவில் ஒரு டிஸ்டார்ஷன் பெடலையும் வைத்து வாசித்தார். பெடல் இல்லாமல் கேட்கலாமா என்றதற்கு, வேறு கஸ்டமர் காத்திருக்கிறார் என்றார். நானும் விட்டுவிட்டேன்.

வீட்டில் நண்பனின் 12 இஞ்ச் கேபினெட்டில் இரண்டு ஹெட்டையும் மாற்றி மாற்றி மாட்டினோம். நான் வாங்கியதில் கெயினை ஏற்றினால் தேனீக்கூடு கலைந்த மாதிரி இரைச்சல். வால்யூமைக் கூட்டினால் சத்தம் கூடியதே தவிர குணம் மாறவில்லை. ஒற்றை நோட்டை இழுத்துப் பிடித்தால், கடைசியில் மணல் கொட்டுவது போலக் கரகரத்து அறுந்தது.

திருப்பாதிரிப்புலியூரில் வால்வு ரேடியோ காலத்து மெக்கானிக் ஐயா ஒருவர் இருக்கிறார். நான்கு திருகைக் கழற்றியதும் அவர் கேட்ட முதல் கேள்வி: “அவுட்புட் டிரான்ஸ்பார்மரே இல்லையே தம்பி, அப்புறம் எப்படி இது வால்வு செட்?” பவர் ட்யூப்களால் 8 ஓம் ஸ்பீக்கரை நேராக ஓட்ட முடியாது, இடையில் அந்த டிரான்ஸ்பார்மர் வேண்டும். இதில் இருந்தது ஒரே ஒரு 12ஏஎக்ஸ்7. அதன் அடியில் ஆரஞ்சு எல்இடி. பவர் பகுதி முழுக்க, சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் தகட்டில் திருகிய ஐசி சிப். நான் பார்த்து மயங்கியது அந்த எல்இடி வெளிச்சத்தைத்தான்.

இப்படி ட்யூபும் டிரான்சிஸ்டரும் கலந்த ஹைப்ரிட் ஹெட் மட்டம் என்று சொல்லவில்லை. ஆரஞ்சின் மைக்ரோ டெரரும் ப்ரீஆம்பில் ட்யூப், பவரில் டிரான்சிஸ்டர்தான், ஆனால் அதைச் சொல்லியே விற்கிறார்கள். ஹைப்ரிட்டை ஃபுல் ட்யூப் விலைக்குத் தள்ளியதுதான் என் வயிற்றெரிச்சல்.

வாங்கப் போகிறவர்கள் முதலில் கையில் தூக்கிப் பாருங்கள். நிஜ ட்யூப் ஹெட்டில் இரண்டு டிரான்ஸ்பார்மர் இருக்கும், கனக்கும். ஆன் செய்ததும் பளிச்சென்று எரிந்தால் அது எல்இடி. ட்யூபின் இழை மெதுவாகத்தான் சிவக்கும், சத்தம் வரவும் சில நொடி பிடிக்கும். மூடியைக் கழற்றச் சொல்லி, பவர் ட்யூப்களைக் கண்ணால் பாருங்கள். நிஜ ட்யூப் ஹெட்டை ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடலாம், அதனால் விஷயம் தெரிந்தவர் கேபினெட்டை மாட்டாமல் சுவிட்சைத் தொடமாட்டார். எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும்.

மறுநாளே பஸ் பிடித்துக் கடைக்குப் போனேன். “விற்ற பொருள் வாபஸ் இல்லை” என்று பில்லைக் காட்டினார். பில்லில் ‘ஆம்ப்ளிஃபயர் - 1’ என்று மட்டும் இருக்கிறது. நல்லவேளை, ‘ஃபுல் ட்யூப்’ என்று அவர் போட்ட விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். அது முடியும்வரை கடையின் பெயரைப் போடப்போவதில்லை. புதுச்சேரியில் இதே பேச்சை நம்பி வாங்கியவர்கள் இருந்தால், பில்லும் ஆம்பின் உள்பக்கப் படமும் வைத்துக்கொண்டு எனக்குத் தகவல் சொல்லுங்கள்.