கபிஸ்தலம் ரோட்டு மெஸ்: நடந்து போகிறவர்களுக்கு

கல்லணையில் ஆரம்பித்துக் காவிரியை ஒட்டியே பூம்புகார் வரை நடக்கிறவர்களுக்குத் திருவையாறு தாண்டியதும் மதியச் சாப்பாடு ஒரு பிரச்சினைதான். கையில் அசோகா அல்வா இருந்தாலும் அது சோறாகாது. கணபதி அக்ரஹாரத்துக்கும் கபிஸ்தலத்துக்கும் நடுவில் ஓர் ஓட்டு வீட்டில் மெஸ் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது, 'சாப்பாடு தயார்' என்று வாசலில் ஒரு சிலேட்டு. கணவன், மனைவி இரண்டு பேர்தான் நடத்துகிறார்கள்.

நாங்கள் தஞ்சாவூரில் ஒன்றாகப் படித்த மூன்று பேர், ஐம்பதைத் தொட்டவர்கள். ஒருவனுக்கு வேலை போய்விட்டது. இன்னொருவனுக்குச் சர்க்கரை, வீட்டில் அப்பாவுக்கு மறதி நோய். எனக்கும் மகனுக்கும் பேச்சு நின்று நாளாகிறது. தை மாதம், சம்பா அறுவடை. பாதி ரோட்டில் நெல் காய்ந்ததால் ஓரத்து ஜல்லியிலேயே நடந்து, உள்ளங்காலெல்லாம் கொப்புளம்.

சாப்பாடு 90 ரூபாய். சுண்டைக்காய் வத்தக்குழம்பு, வாழைத்தண்டுக் கூட்டு, கீரை மசியல், சுட்ட அப்பளம், மோர். வத்தக்குழம்பில் நல்லெண்ணெய் மேலே மிதந்து நிற்கிறது, புளி நாக்கை அறுக்கவில்லை. சர்க்கரைக்காரன் சோறு போதும் என்று கையை மறித்தான். அந்த அம்மா காரணம் கேட்கவில்லை. அடுத்த நடை வரும்போது அவன் இலையில் மட்டும் கூட்டும் கீரையும் தாராளமாக விழுந்தன.

அப்புறம் அவர் கணவர் வெந்நீரில் கல் உப்புப் போட்டு அன்னக்கூடையில் கொண்டுவந்து வைத்தார். சர்க்கரைக்காரன் காலை நீட்டியதும் தடுத்துவிட்டார். "தம்பி, உங்களுக்குச் சூடு தெரியாது. வெந்து போனாலும் தெரியாது" என்று சாதாரணத் தண்ணீரில் கழுவச் சொல்லி, விரலிடுக்கில் ஈரமில்லாமல் துண்டால் ஒற்றிவிட்டார். அவருக்கும் சர்க்கரையாம். எந்த ஓட்டலில் இதைச் செய்வார்கள்?

இலை எடுத்த பிறகும் எழுந்திருக்கச் சொல்லவில்லை, திண்ணையில் பாய் விரித்தார்கள். வேலை போனவன் கல்லணையிலிருந்து கிரிக்கெட்டைத் தவிர வேறு பேசாதவன். பிள்ளையின் காலேஜ் ஃபீஸுக்கு மனைவியின் நகையை அடகு வைத்ததை அங்கே படுத்துக்கொண்டுதான் சொன்னான். இந்த வயதில் மனசு விட்டுப் பேச ஓர் இடம் கிடைப்பது லேசில்லை. இந்த மெஸ்ஸுக்கு நான் முழு மார்க் போடுவது முக்கியமாக அந்தத் திண்ணைக்காகத்தான்.

குறை என்றால், கழிவறை ஒன்றுதான், கொல்லைக் கோடியில் இருக்கிறது. காபி சுமார், அதைக் கும்பகோணத்தில் குடித்துக்கொள்ளலாம். பணம் ரொக்கமாக வேண்டும். இரண்டு மணிக்குள் கிளம்பினால் இருட்டுவதற்குள் சுவாமிமலை போய்விடலாம். நாலைந்து பேராகப் போகிறவர்கள் முதல் நாளே யாரிடமாவது சொல்லி அனுப்புங்கள், அளவாகத்தான் உலை வைக்கிறார்கள்.