ஆல்ஃபாஃபோல்டு தரவுத்தளம்: நோய்ப் புரதம் தேடுபவருக்கு எவ்வளவு உதவும்?

கூகுளின் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்டும் ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனமும் 2021இல் திறந்த இலவசச் சேவை இது. இப்போது 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் முப்பரிமாண வடிவக் கணிப்புகள் இருக்கின்றன. தேடுவது சுலபம்தான், படிப்பதில்தான் சறுக்குகிறார்கள்.

நுரையீரலைப் பாதிக்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்குக் காரணமான சிஎஃப்டிஆர் புரதத்தைத் திறந்து பாருங்கள். செல் சவ்வைத் துளைக்கும் சுருள்கள் நீல நிறத்தில் வரும். அதாவது கணிப்பின் நம்பக மதிப்பெண் நூற்றுக்கு 70க்கு மேல். நடுவே ஆர் (ஒழுங்குபடுத்தும்) பகுதி ஆரஞ்சு நூடுல்ஸ் மாதிரி தொங்கும். 50க்குக் கீழ் வந்தால் அந்த வடிவத்தை நம்ப முடியாது, அங்கே மருந்து ஒட்டும் பொந்து தேடுவது வீண் வேலை.

தரவிறக்கும் கோப்பில் இந்த மதிப்பெண் பி-ஃபேக்டர் நிரலில் உட்கார்ந்திருக்கும். சோதனையில் கண்ட படிகக் கட்டமைப்பில் பி-ஃபேக்டர் என்பது அணுவின் இருப்பிடம் எவ்வளவு தெளிவற்றது என்பதன் அளவு, அது கூடினால் மோசம். இங்கே கூடினால் நல்லது. பழைய வண்ண அமைப்பை அப்படியே போட்டால் படம் தலைகீழாகிவிடும். இரண்டு பகுதிகள் ஒன்றுக்கொன்று எப்படி அமைந்துள்ளன என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கீழேயுள்ள பிழைக் கட்டத்தில் அந்த இரண்டு பகுதிகளும் சந்திக்கும் சதுரம் அடர்பச்சையாக, அதாவது பிழை குறைவாக, இருக்கிறதா என்று பாருங்கள்.

பெரிய குறை, ஒற்றை அமினோ அமில மாற்றம் புரதத்தைக் குலைக்குமா என்பதை இந்த வடிவக் கணிப்பு சொல்லாது. ஹீமோகுளோபின் பீட்டாவைத் தேடினால் ஹீம் (ஆக்சிஜனைப் பிடிக்கும் இரும்புள்ள மூலக்கூறு) இல்லாத தனிச் சங்கிலிதான் கிடைக்கும், சாம்பார் இல்லாத இட்லி! சோதனையில் கண்ட கட்டமைப்பு புரதத் தரவு வங்கியில் இருந்தால் முதலில் அதை எடுங்கள்.