கோப்பு, கைப்பேசி, குறிப்பேடு: நீண்ட நோய்க்காலத்தில் எதை நம்பலாம்?

புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு போன்று மாதக்கணக்கில் சிகிச்சை தேவைப்படும் நோய் வந்த வீட்டில் காகிதங்களும் குவியத் தொடங்கும். கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கத்திலிருந்து புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மருக்கு வரும் குடும்பங்களின் கட்டைப்பையில் ஓ.பி. சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு, ஸ்கேன் படம், மருந்துக்கடை ரசீது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பதைப் பார்க்கலாம். மண்டலப் புற்றுநோய் மையம் அங்கே இயங்குவதால் கூட்டம் எப்போதும் மிகுதி. மருத்துவரின் முன் கிடைக்கும் சில நிமிடங்கள் காகிதம் தேடுவதிலேயே கழிந்துவிடக் கூடாது என்பதால், எதை எதில் வைத்துக்கொள்வது என்பதை முதல் வாரத்திலேயே முடிவு செய்துவிடுவது நல்லது.

கோப்பின் பலம், அதில் இருப்பவை அசல்கள் என்பது. மருத்துவமனை மாறும்போது பயாப்சி (உடலிலிருந்து எடுத்த சதைத் துணுக்கின் பரிசோதனை) அறிக்கையின் நகல் மட்டும் போதாமல், அந்தச் சதையைக் கண்ணாடித் துண்டில் வைத்த ஸ்லைடையும் மெழுகில் பதித்த பிளாக்கையும் மறு ஆய்வுக்குக் கேட்பது வழக்கம். இவற்றை எந்தக் கைப்பேசியிலும் சேமிக்க முடியாது. வீடு திரும்பும்போது தரும் சிகிச்சைச் சுருக்கமான டிஸ்சார்ஜ் சம்மரியும் அப்படித்தான் காக்கப்பட வேண்டும். டாக்சோருபிசின் போன்ற புற்றுநோய் மருந்து இதயத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் ஒருவருக்கு வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து அளவு வரம்பு உண்டு. இதுவரை எவ்வளவு ஏற்றப்பட்டது என்பது அந்தச் சம்மரியிலிருந்து தெரியாமல் புதிய மருத்துவர் அடுத்த முடிவை எடுக்க முடியாது.

கோப்பை அடுக்குவதிலும் இரு முறைகள் போட்டியிடுகின்றன. எல்லாவற்றையும் தேதி வரிசையில் வைப்பது எளிது; யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால், ஹீமோகுளோபின் எப்படி இறங்கியது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் எப்படி ஏறியது என்று மருத்துவர் பார்க்க விரும்பும்போது ரத்தப் பரிசோதனைகள் ஒரே இடத்தில் இருந்தால்தான் உடனே காட்ட முடியும். ஆகவே ரத்தம், ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு என்று பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் புதியதை மேலே வைக்கும் முறையே மேலானது என்பது என் முடிவு. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: இ.சி.ஜி. அச்சாகும் தாள் வெப்பத்தால் எழுத்துப் பதியும் வகை. நாளாக நாளாக அது மங்கும். பாதுகாப்பு என்று நினைத்து லேமினேஷன் செய்தால் கறுத்தே போகும். கையில் கிடைத்த அன்றே நகல் எடுத்துவிடுங்கள்.

கோப்பின் பெரும் பகை தண்ணீர். 2011 டிசம்பரில் தானே புயல், 2015 மழைவெள்ளம், 2024 இல் ஃபெஞ்சல் புயலும் அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளமும் என்று இந்தக் கரை பார்த்துவிட்டது. அதே புயல் மின்சாரத்தையும் கைப்பேசிக் கோபுரத்தையும் சேர்த்தே சாய்க்கும் என்பதால், கைப்பேசி மட்டும் போதும் என்று இருந்துவிடவும் முடியாது.

இருப்பினும் கைப்பேசியின் பயன் பெரிது. சென்னையிலோ துபாயிலோ இருக்கும் மகன் அன்று மாலையே அறிக்கையைப் பார்த்துவிடலாம். ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் எழுத்துகள் தெளிவிழக்கும். டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும். கல்யாணப் படங்களுக்கு நடுவே அறிக்கை தொலைந்துபோவதும் அடிக்கடி நடப்பதே. தனி ஆல்பம் அவசியம். மருத்துவப் பதிவுகளை இணையவழியில் ஒன்றுசேர்க்க அரசு தரும் 14 இலக்க ஆபா எண் வைத்திருப்பது நன்று என்றாலும், அந்த எண்ணோடு இணைக்கப்பட்ட பதிவுகள் மட்டுமே அதில் வரும். பக்கத்துக் கிளினிக்கில் கையால் எழுதித் தந்த சீட்டு தானாக வந்து சேராது. எல்லாவற்றையும்விட, கைப்பேசி அதன் உரிமையாளரோடு வீட்டுக்குப் போய்விடும். இரவில் உடனிருக்க வரும் மருமகளுக்கு அது உதவாது.

குறிப்பேட்டை நான் முதலிடத்தில் வைப்பதற்குக் காரணம் உண்டு. தொலைந்த பரிசோதனை முடிவை மருத்துவமனைப் பதிவு எண்ணைச் சொல்லிப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். கீமோ ஏற்றிய பின் எந்த இரவில் காய்ச்சல் வந்தது, வாந்தி எத்தனை முறை, எந்த மாத்திரைக்குப் பிறகு அரிப்பு எடுத்தது என்பவை வேறெங்கும் பதிவாவதில்லை. கீமோ காலத்தில் உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே காத்திராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதால், வெப்பமானியில் பார்த்த அளவையும் நேரத்தையும் எழுதிவைப்பது உயிரைக் காக்கும் வேலை. முதல் பக்கத்தில் பதிவு எண், நோயின் பெயர், ஒவ்வாத மருந்துகள், காப்பீட்டு அட்டை எண், அழைக்க வேண்டியவர்களின் எண்கள். கடைசிப் பக்கத்தில் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை. குறை என்னவென்றால் இதற்கு ஒரே பிரதிதான் உண்டு, எழுதுவதும் பத்தே நாளில் நின்றுவிடக்கூடும். முதல் பக்கத்தைப் படமெடுத்து நான்கு பேருக்கு அனுப்பிவிட்டால் முதல் குறை பாதி தீரும்.

மாத்திரைகளுக்கு ஏழு நாள் பெட்டி வசதியானதுதான். ஆனால் வாய்வழியாகக் கொடுக்கும் கீமோ மாத்திரைகளை மற்றவற்றோடு அதில் கலந்து வைக்கக் கூடாது. வந்த அட்டையிலேயே, தனியாக இருக்க வேண்டும்.

எழுதும் பொறுப்பை ஒரே ஆளிடம் சுமத்தாமல், அன்று உடனிருப்பவர் எவரோ அவரே எழுதட்டும். தெம்புள்ள நாள்களில் நோயாளியின் கையிலேயே பேனாவைக் கொடுங்கள்: வலி எங்கே, எப்படி என்பதை அவரைவிடச் சரியாக யாரும் எழுத முடியாது.