நீல நிறத்தை நம்பி 2.5ஜி அடாப்டர் வாங்காதீர்கள்: ₹4,780 போய்விட்டது

கணினிக்குக் கேபிள் வழி வேக இணைப்பு தரும் யூஎஸ்பி அடாப்டர் இரண்டும் ஒரு கேபிளும் சனிக்கிழமை மாலை வாங்கியது, இன்று செவ்வாய். ₹4,780 திரும்பி வராது என்று கடைக்காரர் முகத்துக்கு நேராகச் சொன்ன சூட்டோடு இதை எழுதுகிறேன். கடைப் பெயர் வேண்டாம். கணினி உதிரிபாகம், சிசிடிவி, கேபிள் எல்லாம் ஒரே இடத்தில் விற்கும் கடை. அப்படி ஒன்று எல்லா ஊரிலும் இருக்கிறது. வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

தேவை இதுதான். கீழ் அறையில் ஒரு கணினி, மாடியில் ஒன்று. நடுவில் ரவுட்டரோ ஸ்விட்சோ இல்லாமல் ஒரே கேபிளில் இரண்டையும் நேராக இணைத்து 640 ஜிபி வீடியோக்களை மாற்ற வேண்டும். இரண்டு மதர்போர்டிலும் கிகாபிட் (விநாடிக்கு 1,000 மெகாபிட்) போர்ட் உண்டு. அதில் விநாடிக்கு 110 முதல் 115 எம்பி வரை கிடைக்கும், அதாவது ஒன்றரை மணி நேர வேலை. இரு பக்கமும் எஸ்எஸ்டி என்ற வேகமான வட்டு என்பதால் 2.5ஜி (விநாடிக்கு 2.5 கிகாபிட்) போட்டால் 280 எம்பி அளவுக்கு வரும், 40 நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்காகத்தான் யூஎஸ்பி 2.5ஜி அடாப்டர் இரண்டு, தலா ₹1,690. கேட் 6 ரக நெட்வொர்க் கேபிள் 15 மீட்டர், இரு முனையிலும் பிளக் அடித்து ₹1,400. மொத்தம் ₹4,780.

நம்ப வைத்த விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்தவரிடமும் இதையேதான் செய்வார்கள். பெட்டியில் பெரிதாக 2.5ஜி. அடாப்டரின் யூஎஸ்பி முனைக்குள் நீல பிளாஸ்டிக், வேகமான யூஎஸ்பி 3-க்கு வழக்கமாக இருக்கும் நிறம். கடைக் கணினியில் செருகிக் காட்டினார், பச்சை விளக்கு எரிந்தது. பிறகு கேபிள் சுருளிலிருந்து இரண்டு விரல் நீளம் தோலுரித்து, கம்பியை முறுக்கி என் உள்ளங்கையில் வைத்து, "பாருங்க சார், சுத்தமான காப்பர். வெளியில எங்கயும் இந்த ரேட்டுக்குக் கிடைக்காது" என்றார். செம்பு நிறத்தில் பளபளவென்று இருந்தது. பார்த்தது கம்பியின் மேற்பரப்பை மட்டும்தான். வெட்டுமுகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டில் ஒரு கணினிக்கு ஐபி எண் 192.168.50.1, இன்னொன்றுக்கு 192.168.50.2, சப்நெட் மாஸ்க் 255.255.255.0 கொடுத்து, கேட்வே (வெளி நெட்வொர்க்குக்கான வழி) இடத்தைக் காலியாக விட்டேன். நேரடி இணைப்பில் அங்கே எதுவும் போடக் கூடாது. விண்டோஸ் அதை அடையாளம் தெரியாத நெட்வொர்க் என்று பப்ளிக் பட்டியலில் தள்ளி ஃபயர்வாலால் அடைத்துவிடும், அதையும் பிரைவேட்டாக மாற்றியாயிற்று. கணினிப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் சில சமயம் கோப்பு வைஃபை வழியாகவே போகும் என்பதால் ஐபி எண்ணைத் தட்டித்தான் பகிர்ந்த கோப்புறையைத் திறந்தேன். நகல் ஓடத் தொடங்கியதும் வேகம் விநாடிக்கு 11.3 எம்பி. 280 வர வேண்டிய இடத்தில் 11.3! அந்தக் கணக்கில் 640 ஜிபி போய்ச் சேர ஏறக்குறைய 16 மணி நேரம்.

11 என்ற எண்ணைப் பார்த்தாலே காரணம் பாதி தெரிந்துவிடும். 8 பிட் ஒரு பைட், அதனால் 100 மெகாபிட்டை 8-ஆல் வகுத்தால் 12.5 எம்பி, அதில் தரவுத் துண்டுகளோடு சேர்ந்து போகும் முகவரித் தலைப்புகளுக்கான செலவு போக மிஞ்சுவது 11 சொச்சம். வட்டு மெதுவாக இருந்தால் வேகம் ஏறி இறங்கும், இப்படி ஒரே கோடாக நிற்காது. வட்டைக் கணக்கிலிருந்து நீக்க ஐபெர்ஃப்3 என்ற வேகச் சோதனை மென்பொருளை ஓட்டினேன், அது நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கு மட்டும் அனுப்பும். வந்தது 94.9 மெகாபிட். நல்ல கிகாபிட் இணைப்பில் 940 வரும், 2.5ஜியில் 2,350 வரும். வீட்டில் கிடந்த பழைய கேட் 5இ கேபிளை அதே அடாப்டர்களில் மாட்டினாலும் அதே 94.9. கோளாறு அடாப்டரில்தான்.

டிவைஸ் மேனேஜரில் அடாப்டரைத் திறந்து, டீட்டெயில்ஸ் பகுதியில் ஹார்டுவேர் ஐடி என்பதைத் தேர்ந்தெடுத்தால் பிஐடி என்று சாதனத்தை அடையாளம் காட்டும் ஒரு நான்கிலக்க எண் தெரியும். ரியல்டெக் சிப்பில் 8156 என்றால் 2.5ஜி, 8153 என்றால் கிகாபிட், 8152 என்றால் வெறும் 100 மெகாபிட், அதுவும் யூஎஸ்பி 2.0. இரண்டு அடாப்டரிலும் 8152! பெயரிலேயே "யூஎஸ்பி எஃப்இ" என்று இருந்தது. எஃப்இ என்றால் ஃபாஸ்ட் ஈத்தர்நெட், 1995-லேயே தரமாக்கப்பட்ட 100 மெகாபிட்தான். டார்ச் அடித்து நீல முனைக்குள் பார்த்தால் முன்வரிசையில் நான்கு தகடு, அவ்வளவுதான். யூஎஸ்பி 3 என்றால் உள்ளே தள்ளி இன்னும் ஐந்து இருக்க வேண்டும். நீல பிளாஸ்டிக்கை வாங்கி யூஎஸ்பி 2-ல் ஒட்டியிருக்கிறார்கள். இது தெரியாமல் நடந்த தவறு கிடையாது, உட்கார்ந்து யோசித்துச் செய்த வேலை.

சரி, கேபிளாவது மிஞ்சட்டும் என்று அதை மதர்போர்டு போர்ட்டுகளில் நேராக மாட்டினேன். 1 ஜிபிபிஎஸ் (கிகாபிட்) காட்டியது, சிறிது நேரத்தில் 100 மெகாபிட்டுக்கு இறங்கியது. பிளக் பக்கம் தொட்டால் மறுபடி ஏறும். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100-க்கு இரண்டு ஜோடி போதும். மற்ற இரண்டு ஜோடியில் ஒரு கம்பி விட்டுப்போனால் பெரும்பாலும் இணைப்பு அறுந்துவிடாமல் 100-க்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் பலர் வருடக்கணக்கில் கவனிப்பதே இல்லை. முனையை வெட்டி பிளேடால் கம்பியைச் சுரண்டினேன். செம்பு நிறம் ஒரு தோல் மாதிரி உரிந்தது, உள்ளே வெள்ளி நிறம். அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம். இதை சிசிஏ என்பார்கள். அலுமினியத்தின் மின்கடத்துதிறன் செம்பில் ஏறக்குறைய 61 சதவீதம்தான். இரண்டு முறை மடக்கினாலே ஒடிந்துபோகும், பிளக் அருகே ஒடிந்ததும் அதனால்தான். இதே கேபிளை சிசிடிவி கேமராவுக்கு மின்சாரம் அனுப்பவும் விற்கிறார்கள். தடை அதிகம் என்பதால் அங்கே மின்னழுத்தம் குறையும், கம்பி சூடேறும். அது வேகம் குறைவதைவிட மோசம்.

இதை எல்லாம் எடுத்துக்கொண்டு ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் கடை ஏறினேன். முதல் நாள், "நெட் ஸ்பீடு உங்க பிளானைப் பொறுத்தது சார்." இரண்டு கணினிக்கு நடுவில் ஒரு கேபிள், இன்டர்நெட்டே இல்லை, இதில் பிளான் எங்கிருந்து வந்தது? இரண்டாம் நாள், "கிராஸ் கேபிள் போடணும், 300 ரூபாய் ஆகும்." கிகாபிட் போர்ட்டுகள் எது அனுப்பும் ஜோடி, எது வாங்கும் ஜோடி என்று தாமாகவே மாற்றிக்கொள்ளும், அந்த ஜோடிகளை மாற்றிக் கோர்க்கும் கிராஸ் கேபிளின் காலம் போய் எத்தனையோ வருடம் ஆகிறது. பிஐடி எண்ணைக் காட்டியதும், "விண்டோஸ் 11-ல அப்படித்தான் காட்டும், டிரைவர் போடுங்க." டிரைவர் போட்டால் 100 மெகாபிட் சிப் 2.5ஜி ஆகிவிடுமா? இன்று நேராகவே, "பில் இருக்கா? வித்த பொருள் வாபஸ் இல்ல" என்று முடித்துவிட்டார். பில் கேட்டபோது அவர் கொடுத்தது பெயரோ ஜிஎஸ்டி எண்ணோ இல்லாத துண்டுச்சீட்டு, பேனாவில் 4,780 என்று மட்டும் எழுதியிருந்தது. கையில் ஆதாரமாக இருப்பது யூபிஐயில் ₹4,780 அனுப்பிய பதிவு மட்டும்தான்.

640 ஜிபி கடைசியில் எப்படிப் போனது தெரியுமா? மதர்போர்டு போர்ட், பழைய கேட் 5இ கேபிள், விநாடிக்கு 112 எம்பி. ஒரு பைசா செலவில்லை.

எல்லாவற்றையும் விரிவாக எழுத இப்போது மனம் இல்லை, அவசரமாக இவற்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விளக்கு எரிவதையும் பெட்டி அச்சையும் நம்ப வேண்டாம். கடைக் கணினியிலேயே ஹார்டுவேர் ஐடியைத் திறக்கச் சொல்லுங்கள், ரியல்டெக் சிப்பில் 8156 இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். யூஎஸ்பி முனைக்குள் தகடுகளை எண்ணுங்கள். கேபிளைச் சுரண்டிப் பாருங்கள், சுரண்ட விடமாட்டேன் என்றால் வாங்காதீர்கள். 2.5ஜிக்கு நல்ல கேட் 5இ 100 மீட்டர் வரை போதும், கேட் 7, கேட் 8 என்று சொல்லி விலை ஏற்றினால் கொடுக்காதீர்கள். ஒரு பக்கம் பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் 2.5ஜியே வீண், அது விநாடிக்கு 150 எம்பி சொச்சத்திலேயே நின்றுவிடும்.

ஜிஎஸ்டி பில் இல்லாமல் காசு கொடுக்கவே கொடுக்காதீர்கள். வாபஸ் இல்லை என்று பலகை வைத்திருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் பில் தர மறுப்பதும் முறையற்ற வணிகம்தான். நாளை காலை தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்து ₹4,780-க்குப் புகார் பதிகிறேன்.