4ஜி63 டிராக் இன்ஜின்: சில சீசன் ஓட்டிய பிறகு

டிராக் (drag) பந்தயத்துக்காக, அதாவது நேர்க்கோட்டில் குறைந்த தூரம் பாயும் பந்தயத்துக்காக, மிட்சுபிஷி 4ஜி63 இன்ஜினை ஒவ்வொரு பாகமாகத் தேடி வாங்கிக் கட்டி, சில சீசன் ஓட்டியாகிவிட்டது. சிங்கப்பூரில் கார் பட்டறைகள் இருக்கும் காக்கி புக்கிட் பக்கம் போனால் தம்பிகள் முதலில் கேட்பது, "அண்ணே, எந்த பிஸ்டன், எந்த ராடு?" என்பதுதான். (ராடு என்பது பிஸ்டனை கிராங்க் தண்டோடு இணைக்கும் தண்டு.) நான் சொல்வது ஒன்றுதான்: யார் அளந்தார்கள், எதை வைத்து அளந்தார்கள் என்று முதலில் கேளுங்கள். நல்ல பாகத்தைக் காசு கொடுத்தால் யாரும் வாங்கிவிடலாம்.

சிங்கப்பூரில் டிராக் ஓடுதளம் கிடையாது, இவ்வளவு மாற்றிய இன்ஜினோடு சாலையில் இறங்கவும் முடியாது. அதனால் வண்டி மலேசியாவில் ஜொகூரில் நிற்கிறது, ஓடுவது அங்கே செப்பாங் பந்தயத் தளத்தில், இன்ஜின் வேலை மட்டும் இங்கே.

4ஜி63-க்கு வார்ப்பிரும்பு பிளாக், போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 85 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 88. பலர் 100 மி.மீ. ஸ்ட்ரோக் கிராங்க் போட்டு 2.3 லிட்டர் ஆக்குகிறார்கள். சாலை வண்டிக்கு அது அருமை, டர்போ சீக்கிரம் பூஸ்ட் கொடுக்கும். நான் 88-ஐ விடவில்லை. 9000 ஆர்பிஎம்மில் பிஸ்டனின் சராசரி வேகம் 88 ஸ்ட்ரோக்கில் வினாடிக்கு 26.4 மீட்டர், 100-இல் 30 மீட்டர். அதே 150 மி.மீ. ராடு போட்டால் சாய்வும் கூடி, பிஸ்டன் சிலிண்டர் சுவரைப் பக்கவாட்டில் அதிகமாக அழுத்தும். டிராக்கில் பூஸ்ட் ஏற்றிவிட்டுத்தானே கிளம்புகிறோம், கீழ் ஆர்பிஎம் இழுவை எதற்கு?

பிஸ்டன் 2618 என்கிற அலுமினிய அலாயில் ஃபோர்ஜ் செய்தது. இன்னொரு பிஸ்டன் அலாயான 4032-ஐவிட அடி தாங்கும், ஆனால் சிலிக்கான் குறைவு என்பதால் சூட்டில் அதிகம் விரியும், அதற்கேற்ப சுவரோடு இடைவெளியும் கூடுதலாக விட வேண்டும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் கடகடவென்று சத்தம் வரும், சூடேறினால் அடங்கிவிடும். பயப்பட வேண்டாம்.

பிரச்சினை வந்தது ஹோனிங்கில், அதாவது சிலிண்டரின் உள்சுவரைத் தேய்த்துச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் வேலையில். சிலிண்டர் ஹெட்டைப் பிளாக்கோடு பூட்டும் ஸ்டட்டை இறுக்கும்போது போரின் வட்டம் லேசாகக் கோணும். அதனால் ஹெட் இருக்கும் இடத்தில் டார்க் பிளேட் என்கிற தடித்த தட்டைப் பூட்டி, அதே இறுக்கத்தில் வைத்துத்தான் ஹோன் செய்ய வேண்டும். முதலில் வேலை செய்த பட்டறை தட்டே இல்லாமல் முடித்துவிட்டு "எல்லாம் ஓகே" என்றது. வேறு இடத்தில் தட்டைப் பூட்டி போர் கேஜ் விட்டுப் பார்த்தால் நான்கு சிலிண்டரும் நான்கு விதம். அப்புறம் போரைப் பெரிதாக்கி, அதற்கேற்ற பிஸ்டனை மறுபடி ஆர்டர் செய்து, மாதக்கணக்கில் காத்திருந்து... இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான்.

ராடு போல்ட்டை டார்க் ரெஞ்சை மட்டும் நம்பி இறுக்காதீர்கள். போல்ட் எவ்வளவு நீள்கிறது என்பதை ஸ்ட்ரெச் கேஜில் பார்த்து இறுக்கி, ஒவ்வொன்றின் தளர்ந்த நீளத்தையும் எழுதி வைத்துவிடுங்கள். அடுத்த முறை பிரிக்கும்போது அந்த அளவுக்குத் திரும்பாமல் நீண்டே இருந்தால் அந்த போல்ட் குப்பைக்கு.

எரிபொருள் மெத்தனால். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால் இதற்கு 6.4 போதும், அதாவது இரண்டு மடங்குக்கு மேல் மெத்தனால் ஊற்றுகிறோம். உள்ளே போகும் காற்றை நன்றாகக் குளிர்விக்கும், நம் ஊர்ச் சூட்டுக்கு அது பெரிய வரம். ஆனால் எரியாத மிச்சம் கீழே இறங்கி ஆயிலைப் பால்போல் வெளுக்க வைக்கும். ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் ஆயிலை மாற்றிவிடுகிறேன். மெத்தனால் ஈரத்தை இழுக்கும், அலுமினியத்தை அரிக்கும், அதனால் எரிபொருள் குழாய்களில் பெட்ரோல் ஓடவிட்டுக் கழுவிய பிறகுதான் வண்டிக்கு ஓய்வு.

சீசன் முடிந்து பிரித்தபோது தேய்ந்திருந்தது ராடு பேரிங்கின் மேல் பாதி. வெடிப்பின் அழுத்தம் முழுவதும் அங்கேதான் விழுகிறது, எதிர்பார்த்ததுதான். போர் வட்டம் மாறவில்லை. கிராங்க் முன்னும் பின்னும் நகரும் அளவை டயல் கேஜில் பார்த்தேன், கட்டிய அன்று எழுதியதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. அந்த நகர்வு கூடிவிடுவது இந்த இன்ஜினில் பலர் பயப்படும் பிரச்சினை, 4ஜி63 வைத்திருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும். இந்த முறை ராடு பேரிங், ரிங், வால்வு ஸ்பிரிங் மட்டும் புதிது, கிராங்கும் ராடும் அப்படியே திரும்பப் போகின்றன.