தோரோவின் குடிலைத் தாளில் கட்ட: அச்சு வார்ப்பா, பத்திரிகை அட்டையா?

அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ வால்டன் குளக்கரையில் கட்டிக்கொண்ட ஒற்றையறை வீட்டை நான் இரண்டு தடவை தாளில் செய்திருக்கிறேன். முதல் தடவை, அச்செடுத்து வெட்டி மடித்து ஒட்டுகிற தயார் வார்ப்பு. அடுத்த தடவை அளவு பார்த்து நானே கோடு போட்டு, பழைய கல்யாணப் பத்திரிகைகளைப் பட்டை பட்டையாக நறுக்கி ஒட்டியது. இரண்டும் இப்போது ஒரே அலமாரியில் இருக்கின்றன, வீட்டுக்கு வருகிறவர்களின் கை முதலில் போவது இரண்டாவதன் மேல்தான். ஆனாலும் எடுத்தவுடன் அதையே செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன்.

இந்த வீட்டில் ஒரு வசதி, அளவை அவரே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அகலம் 10 அடி, நீளம் 15 அடி, சுவர்ச் சட்டத்துக்கு 8 அடி உயரக் கம்பங்கள், மேலே பரண், பக்கத்துக்கு ஒரு பெரிய ஜன்னல், ஒரு முனையில் கதவு, எதிர் முனையில் செங்கல் கணப்பு. அங்கே வாழ்ந்ததைப் பற்றி அவர் எழுதி 1854-இல் வந்த ‘வால்டன்’ புத்தகத்தின் முதல் பதிப்பு முகப்பில் அவர் தங்கை சோஃபியா வரைந்த படமும் உண்டு, ஆனால் அதை அப்படியே நம்பிக் கூரையை முன்பக்கம் நீட்டிவிடாதீர்கள், அது ரொம்ப நீண்டிருக்கிறது என்று தோரோவே திருத்தம் சொன்னார்.

சரி, அச்சு வார்ப்பு. 200 ஜிஎஸ்எம் கெட்டித் தாளில் கலர் பிரிண்ட் போட்டால் ஒரே மாலையில் வீடு எழுந்துவிடும். நான் எடுத்தது 1:48 அளவு, அதாவது ஓர் அடிக்குக் கால் அங்குலம். நான்கு சுவரின் சுற்றளவு 50 அடி, தாளில் 317 மில்லிமீட்டர், ஏ4-இன் நீளமோ 297தான். அந்த 2 சென்டிமீட்டருக்காகச் சுவரை இரண்டு துண்டாக்கி, நீளச் சுவரின் நட்டநடுவில் ஒட்டு போட்டிருந்தார்கள். புகைபோக்கி மூலையில் போட்டிருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது. லேசர் பிரிண்ட் என்றால் மடிப்பில் மை உரிந்து வெள்ளைக் கோடு தெரியும், மடித்த கையோடு பழுப்புப் பென்சிலால் ஓர் இழுப்பு இழுத்துவிடுங்கள்.

இதெல்லாம் சின்ன விஷயம். எனக்குக் கோபம் வந்தது சுவரில்தான், உருண்டை உருண்டையாக மரக்கட்டைகளை அடுக்கிய மாதிரி அச்சடித்திருந்தார்கள். தோரோவின் வீடு அப்படிப்பட்டதே இல்லை. ரயில் பாதையில் வேலை பார்த்த ஜேம்ஸ் காலின்ஸ் என்ற ஐரிஷ்காரரின் குடிசையை 4 டாலர் 25 சென்டுக்கு வாங்கிப் பிரித்து, அந்தப் பலகைகளைச் சட்டத்தில் அடித்தார். அதற்கு மேல்தான் ஷிங்கிள் என்கிற மெல்லிய மரச்சில்லுகள், கூரைக்கு மட்டுமல்ல, சுவருக்கும். அதுவும் கழித்துப்போட்ட சில்லுகள், மொத்தம் 4 டாலர். வீட்டுக்கே ஆன செலவு 28 டாலர் 12½ சென்ட், கணக்கில் 1 சென்ட் சாக்கட்டிகூட விடுபடவில்லை.

பத்திரிகை அட்டை ஜெயிப்பது இங்கேதான். இதை 1:24-இல் செய்தேன், வீட்டின் அகலம் 127, நீளம் 190 மில்லிமீட்டர். அட்டையை 1 சென்டிமீட்டர் பட்டையாக வெட்டி, ஓர் ஓரத்தில் பாதி ஆழத்துக்குக் கத்தரியால் கீற வேண்டும், இடைவெளி ஒன்றுபோல இருக்கவே கூடாது. பிறகு ஓடு வேய்கிற மாதிரி கீழிருந்து மேலாக, 5 மில்லிமீட்டர் தெரியும்படி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போவது. ஒரு நீளச் சுவருக்கு மட்டும் 20 வரிசை. ஃபெவிகாலைத் தாராளமாகப் போட்டால் பட்டை சுருண்டுகொள்ளும், பல்குச்சி நுனியில் தொட்டு வைத்தால் போதும். எனக்கு மூன்று வாரம் ஆனது, இரண்டாவது வாரம் இதையெல்லாம் ஏன் ஆரம்பித்தோம் என்று இருந்தது.

பொறுமை இல்லாதவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, முதல் தடவையே இது எனக்குத் தோன்றியிருந்தால் இதைத்தான் செய்திருப்பேன். 1845 ஜூலை 4 அன்று அவர் குடிபோனபோது வீட்டுக்குப் புகைபோக்கியும் இல்லை, உள்பூச்சும் இல்லை, வெயிலும் மழையும் பட்டுக் கறுத்த வெறும் பலகைச் சுவர், நடுவில் பெரிய பெரிய இடுக்குகள். அந்த ஜூலை மாத வீட்டைச் செய்யுங்கள். சாம்பல் நிற அட்டையில், எழுதித் தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் பலகைக் கோடுகளை அழுத்தி இழுத்தால் சுவர் முடிந்தது, கொஞ்சம் கோணலானால் இன்னும் நல்லது. பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்ய இதைவிட்டால் வேறு இல்லை.

எதைச் செய்தாலும் அளவு மட்டும் 1:24-ஆக இருக்கட்டும், கூரையை ஒட்டாமல் தூக்கி எடுக்கிற மாதிரி விடுங்கள். என் 1:48 வீட்டுக்குள் எட்டிப் பார்க்கக்கூட முடியாது. பெரியதில் கட்டில், மேசை, எழுதுமேசை, மூன்று நாற்காலி எல்லாம் வைத்தேன். அவரிடம் 3 அங்குல முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று இருந்தது, இந்த அளவில் அது 3 மில்லிமீட்டர் வட்டம். சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளில் வெட்டினேன். முதலாவது என் மூச்சுக்காற்றில் பறந்தது, இரண்டாவது விரலோடு ஒட்டிக்கொண்டு எங்கோ போனது, மூன்றாவது இன்னும் சுவரில் இருக்கிறது.